சிலுவைக் கல்லும் மகர தோரணமும்

1912ஆம் ஆண்டில் அனுராதபுரத்தின் இடிபாடுகளை இலங்கைத் தொல்பொருளாராய்ச்சிப் பகுதியினர் அகழ்ந்துகொண்டிருந்த காலை, வழவழப்பாகத் தேய்க்கப்பட்ட கருங்கற்றூண் ஒன்றின் உடைந்த துண்டு வெளிப்பட்டது. அதன் முகத்திலே குழிந்த நிலத்தில் மேலெழும் புடைப்புச் சிற்பமாக ஒரு சிலுவை. அதன் நுனிகள் அரும்பு கட்டியிருந்தன, அடியிலே படிப்பீடம், பீடத்தின் இருமருங்கும் இலைகள் வளைந்து மேலெழுந்தன. புத்தர் பிரானின் திருவுருவங்களும் தாதுகோபங்களும் நிறைந்த நகரிலே இக்கல் எவ்வாறு வந்தது என்பது அக்காலை எழுந்த வினா. விடை கூறுவதற்குக் கல்லிலே எழுத்து ஒன்றேனும் இல்லை. இருந்தது அணிவேலை மட்டுமே. அணிவேலையை நம்பி ஒரு கல்லின் காலத்தையும் குலத்தையும் கூற இயலுமா என்பதே இக்கட்டுரையில் ஆராயப்படும் பொருள்.

அகழ்வை நடாத்திய எட்வேட் எயிற்றன் என்பார் எகிப்திய ஆராய்ச்சியிற் பெயர் பெற்று இலங்கைக்கு வந்தவர். 1914இல் திசமகாராமைக் குளத்தில் மூழ்கி இறந்தார். அவருக்குப் பின் தொல்பொருள் ஆணையாளராய் வந்த ஹோகாட் 1924இல் இச்சிலுவையை வெளியிட்டபோது அது போர்த்துக்கேயருடையது என்றே கருதினார். சில ஆண்டுகளுள் வரலாற்றறிஞர் கொட்றிங்ரன் அக்கருத்தை மறுத்து, இது போர்த்துக்கேயருக்குப் பன்னூறாண்டு முற்பட்ட பாரசீகக் கிறித்தவருடையது என்றார். ஹோகாட்டின் கருத்து முற்றும் அடிப்படையற்றது அன்று. நுனி மலர்ந்த சிலுவை போர்த்துக்கல் நாட்டில் வழங்கியதே. அந்நாட்டு அவிசு வீரர் குழுவின் சின்னமும் அத்தகைய மலர்ச் சிலுவைதான். ஆயினும் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்த 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அனுராதபுரம் அரசிழந்து காடடர்ந்து கிடந்தது. அவர் ஆட்சி அங்கே வேரூன்றவுமில்லை. கோட்டையும் கோயிலும் கட்டாத இடத்தில் அவர்கள் வந்து ஒரு தூணைச் செதுக்கி வைத்தனர் என்பது பொருந்துமாறு இல்லை. அன்றியும் பீடத்தினின்று இருபுறமும் எழும் இலைகள் போர்த்துக்கேயச் சிலுவைக்கு உரியவை அல்ல. அவை எங்கு உரியன என்பதைக் கடல் கடந்து தேட வேண்டும்.

6ஆம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மாஸ் என்னும் கிரேக்க மொழி வணிகர் இலங்கையைத் 'தப்ரபேன்' எனக் குறித்து, அங்கே பாரசீகக் கிறித்தவரின் கோயில் ஒன்று உண்டென்றும், அதற்குப் பாரசீகத்தில் நியமனம் பெற்ற குருவும் தொண்டரும் உளரென்றும் கூறுகின்றார். நாட்டு மக்களும் அரசனும் அச்சமயத்தைச் சார்ந்தவரல்லர் என்பதையும் அவரே தெளிவாகச் சொல்லுகின்றார். பாரசீகத்திலிருந்து குதிரைகள் இறக்கப்பட்டமையும், குதிரை கொணர்ந்தோர்க்கு அரசன் சுங்கம் நீக்கியமையும் அவர் நூலிலே காணப்படும். ஆகவே அனுராதபுரத்துச் சிலுவைக்குப் பின்னே நின்றவர் நாட்டை வெல்ல வந்தவர் அல்லர். வணிகம் செய்யவந்து, பிற சமய அரசன் ஆணையின் கீழ் அடங்கி வாழ்ந்தோர். இந்நிலையை மனத்திற் கொண்டால் இவர்தம் சிற்பத்தின் போக்கு எளிதில் விளங்கும்.

இதே குலத்துக் கற்கள் தென்னிந்தியாவிற் பல உள. அவற்றுள் முதன்மையானது சென்னையை அடுத்த பரங்கிமலையில் உள்ளது. 1547இல் போர்த்துக்கேயர் அங்கே கோயிலுக்கு அத்திவாரம் தோண்டியபோது கண்டெடுத்தனர். கேரளத்துக் கோட்டயத்தின் வலியபள்ளியில் இரண்டு கற்கள் உள்ளன. கடமற்றம், முட்டுச்சிறை, ஆலங்காடு என்னும் ஊர்களிலும் இவ்வகைக் கற்கள் உண்டு. பரங்கிமலைக் கல் 1558ஆம் ஆண்டு முதல் மார்கழித் திங்கள் 18ஆம் நாளில் வியர்த்தது என்றும், 1704க்குப் பின் வியர்த்ததில்லை என்றும் அடியார் கூறுவர். அது நம்பிக்கையின் பாற்பட்டது. சிற்பம் பற்றிய ஆராய்ச்சி அதனை ஏற்கவும் வேண்டியதில்லை, இகழவும் வேண்டியதில்லை.

பரங்கிமலைக் கல்லைச் சற்று நின்று நோக்குதல் தகும். நடுவே ஏறக்குறைய ஒத்த கைகளையுடைய சிலுவை. ஒவ்வொரு கையின் நுனியும் மூவிதழ் அரும்பாய் முடிகின்றது. அடியிலே படிகள். படிகளின் கீழிருந்து இருபுறமும் இலைக்கொத்துச் சுருண்டு செல்கின்றது. சிலுவையின் உச்சியை நோக்கிப் புறா ஒன்று தலைகீழாக இறங்குகின்றது. இவை அனைத்தையும் இரு தூண்களும் அவற்றை இணைக்கும் வளைவும் சூழ்ந்து நிற்கின்றன. அவ்வளைவு எங்கிருந்து எழுகின்றது என்று பார்த்தால் தமிழ்ச் சிற்பம் பயின்ற கண்ணுக்கு வியப்பு ஏற்படும். தூண்களின் தலையிலே ஒன்றையொன்று நோக்கிய இரு மகரங்கள் வாய் பிளந்து நிற்கின்றன. அவற்றின் வாயினின்றே வளைவு வெளிப்படுகின்றது. இது நம் கோயில்களில் தேவ கோட்டங்களின் மேல் அமையும் மகர தோரணமேயன்றி வேறில்லை.

மகர தோரணம் தொண்டை நாட்டிற்குப் புதியதன்று. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துத் தளவானூர்க் குடைவரையின் முகப்பிலே அது காணப்படும். மாமல்லபுரத்துத் திரௌபதி இரதத்திலும் உண்டு. பரங்கிமலைக்கும் மாமல்லபுரத்துக்கும் இடைப்பட்ட தொலைவு ஒரு நாள் நடைக்குச் சற்று மிகுந்ததே. எனவே அக்கல்லைச் செதுக்கிய உளி பல்லவ நாட்டுச் சிற்ப மரபிலே பழகிய கையில் இருந்தது என்று கொள்வதில் இடர்ப்பாடு இல்லை.

ஆனால் வளைவைச் சுற்றி ஓடும் எழுத்தோ தமிழும் அன்று, வட்டெழுத்தும் அன்று. பாரசீகத்துப் பகலவி எழுத்து. 1873இல் பேர்ணல் என்னும் அறிஞர் இவ்வெழுத்துக்களை ஆராய்ந்து வெளியிட்ட காலந்தொட்டு அறிஞர் பலர் பலவாறு படித்தனர். ஒருவர் வாசகம் மற்றவருக்கு உடன்பாடாகவில்லை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வின்க்வேத் என்பார், இது கிறித்து பெருமானிடம் அப்ராஸ் என்னும் ஒருவனுக்காக இரக்கம் வேண்டும் மன்றாட்டு என்றும், அவனே இதனை வெட்டியவன் என்றும் படித்தார். பின்வந்தோர் பெயரையும் வினையையும் வேறாகப் படித்துள்ளனர். வெட்டியவன் என்னும் வாசகத்தையே ஏற்றுக்கொண்டாலும், மகரத்தின் துதிக்கையையும் பல்வரிசையையும் இவ்வளவு இயல்பாகச் செதுக்கியவன் சிரிய நாட்டிலிருந்து வந்த வணிகன் என்று நம்புதல் அரிது. நம் கல்வெட்டுக்களிலே அரசன் 'எடுப்பித்த' கோயிலை அரசன் 'எடுத்தான்' என்று கூறும் வழக்கு உண்டு. அதுபோலவே இதுவும் பொருள் கொடுத்தவன் பெயரைச் சொல்லிச் செதுக்கியவனை மறந்தது என்க. இதே வாசகம் கேரளத்துக் கற்களிலும் திரும்பத் திரும்ப வருதல், ஒரு மூலத்தைப் பார்த்து வெவ்வேறு கைகள் படியெடுத்தன என்பதைக் காட்டும். எழுத்து விளங்காத சிற்பியும் அதன் வடிவைக் கோலம்போற் பார்த்துச் செதுக்கல் கூடும்.

காலத்தைப் பற்றியும் ஒருமைப்பாடு இல்லை. எழுத்தின் வடிவை நோக்குவோர் 6ஆம் நூற்றாண்டு முதல் 9ஆம் நூற்றாண்டு வரை வெவ்வேறு எல்லைகளைக் கூறுவர். கோட்டயத்துப் பெரிய கல்லிலே பகலவியோடு சிரிய மொழி வரியும் இருத்தலால் அது சிறிய கல்லிற்குப் பிற்பட்டது என்பது பெரும்பாலோர் துணிபு. மகர தோரணத்தின் வளர்ச்சியை அளவுகோலாகக் கொள்ளின், பரங்கிமலைக் கல்லை மகேந்திரவர்மனுக்கு முன்னே கொண்டுசெல்லுதல் எளிதன்று. எழுத்தைக் கொண்டு மட்டும் முடிவு கட்டுவோர் சட்டகத்தையும் ஒருமுறை நோக்குதல் நன்று.

இனி ஒரு கல்லிலே எத்தனை நாடுகள் கூடியுள்ளன என்று பார்ப்பாம். படிப்பீடம் எருசலேமின் கல்வாரிக் குன்றைக் குறிக்கும் என்பர். அரும்பு நுனியும் அடியிலிருந்து எழும் இலையும் பாரசீகக் குடாவையும் மெசொப்பொத்தேமியாவையும் சார்ந்தவை. குடாவின் தீவுகளிலே, குறிப்பாக 1992இல் சிர் பனி யாஸ் தீவிற் கண்டறியப்பட்ட துறவு மடத்திலே, சுண்ணச் சாந்தாற் செய்த இவ்வினச் சிலுவைகள் கிடைத்துள்ளன. சிலுவையை வாட்டும் கழுமரமாகக் காட்டாது தழைக்கும் உயிர்மரமாகக் காட்டுதல் கீழைத் திருச்சபையின் கொள்கை. அதனால் இச்சிலுவைகளில் அறையுண்டவர் உருவம் இருப்பதில்லை. இந்த மரம் சென்ற நாடுதோறும் அந்த நாட்டு மண்ணிலே ஊன்றிக்கொண்டது. சீனத்திலே 781ஆம் ஆண்டில் நாட்டப்பட்ட சாங்கான் நகரக் கற்பலகையின் தலைப்பில் அது தாமரையின்மேலும் முகிலின்மேலும் நிற்கின்றது. தொண்டை நாட்டிலே மகரத்தின் வாயினுள் நின்றது. அனுராதபுரத்திலோ மகரமும் இல்லை, தூணும் இல்லை, எழுத்தும் இல்லை. இலையும் அரும்பும் மட்டுமே. ஈழத்துச் சிற்பிக்கு மகரம் தெரியாதது அன்று. ஆகவே சட்டகம் இல்லாமை ஆராய்தற்குரியது. சட்டகம் அமைக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் வேரூன்றுவதற்கு முற்பட்டதாக இக்கல் இருக்கலாம். அல்லது தூணின் ஒடுங்கிய முகத்தில் அதற்கு இடம் போதாதிருக்கலாம். முன்னதே உண்மையாயின் இவ்வினக் கற்கள் யாவற்றுள்ளும் மூத்தவற்றுள் அனுராதபுரக் கல் ஒன்றாகும்.

இக்கற்களின் இயல்பை விளக்குதற்கு உலகின் மறுகோடியிலுள்ள ஓர் ஒப்புமை பெரிதும் உதவும். 711இல் அரபியரும் பேர்பரியரும் ஸ்பெயின் நாட்டினுட் புகுந்தபின், அவர் ஆட்சியின் கீழ்த் தம் சமயத்தைக் கைவிடாது வாழ்ந்த கிறித்தவர் மொசாரபியர் எனப்பட்டனர். அரபியரைப் போன்றாகியவர் என்பது அச்சொல்லின் கருத்து. கொர்தோவா நகரத்து அல்வாரு என்பவர் 854இல், தம் குலத்து இளைஞர் இலத்தீனைக் கைவிட்டு அரபுப் பாட்டில் மயங்குகின்றனர் என்று மனங்கசந்து எழுதினார். அதற்கு ஐந்தாண்டு முன்னே, 849இல், கொல்லத்தில் மார் சபீர் ஈசோ கட்டிய தரிசாப்பள்ளிக்கு வேணாட்டு அய்யனடிகள் திருவடிகள் செப்பேடு வழங்கினார். அதன் மொழி நம் மொழி, எழுத்து வட்டெழுத்து, சான்றாளர் கையொப்பங்களோ பகலவியிலும் அரபிலும் எபிரேயத்திலும் உள்ளன. கொர்தோவாவில் அரசமொழி ஒரு துன்பமாகத் தோன்றிற்று. கொல்லத்தில் அது காப்புறுதியாய் வாய்த்தது. தரிசாப்பள்ளியின் கட்டடம் இன்று இல்லை. அதிலே என்ன அணிவேலை இருந்தது என்பதைக் காணும் பேறு நமக்கு வாய்க்கவில்லை.

9ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டிலும் மொசாரபியத் துறவியர் பலர் கொர்தோவாவை விட்டு வடக்கே கிறித்தவ அரசின் எல்லைக்குட் குடியேறினர். லெயோன் நகரையடுத்த சான் மிகேல் தெ எஸ்கலாதா என்னும் கோயில் அவ்வாறு வந்த அல்போன்சோ என்னும் மடத்தலைவராலும் அவர்தம் துறவியராலும் கட்டப்பெற்று 913இல் நேர்ந்தளிக்கப்பட்டது. அரசாணையாலன்றிக் குடிகளையும் வருத்தாது துறவியரின் அயரா முயற்சியால் பன்னிரண்டு திங்களில் முடிந்தது என்று அதன் கல்வெட்டுக் கூறிற்று. பெனியால்பாவிலுள்ள சந்தியாகோ கோயிலும், லெபேனியாவின் மரியன்னை கோயிலும், மசோத்தே ஊரின் சான் செப்ரியான் கோயிலும் இக்குழுவைச் சார்ந்தவை.

இவற்றின் அணிவேலையில் மனித உருவம் மிக அரிது. தழையும் கொடியும் வட்டங்களுமே எங்கும் படரும். எஸ்கலாதாவில் திருமுற்றத்தைப் பிரிக்கும் கற்பலகைகளிலே திராட்சைக் கொடி சுருள, பறவைகள் பழம் கொத்துகின்றன. தூண் தலைகளின் பழைய உரோமானிய முள்ளிலை, நரம்பும் மடலும் குறைந்து வடிவ மாத்திரமாய் இறுகி நிற்கின்றது. தலைக்கும் தண்டுக்கும் இடையே முறுக்கிய கயிறுபோன்ற வளையம் ஒன்று ஓடும். இறவாரத்தைத் தாங்கும் கற்கைகள் அடுக்கடுக்காய்ச் சுருண்டு, அவற்றின் பக்கங்களிற் சுழலும் இதழ்களையுடைய சக்கரங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இக்கற்கைகளின் உடன்பிறப்புக்கள் கொர்தோவாவின் பெரும் பள்ளிவாசலிலே உள்ளன. வாயில்களும் தூண் வரிசைகளும் இலாட வடிவ வளைவாய் அமைந்தன.

இலாட வளைவைக் கண்டோர் இது அரபியர் கொடை என்று உடனே முடிவு செய்தனர். பின்னர், அரபியர் வருமுன்னரே 661இல் விசிகோதிய அரசன் கட்டிய சான் குவான் தெ பாஞோஸ் என்னும் கோயிலிலே அவ்வளைவு இருத்தல் எடுத்துக்காட்டப்பட்டது. அரபியரே அதனை ஸ்பெயினிற் கண்டு கைக்கொண்டு மேலும் அழகுபடுத்தினர் என்ற கருத்தும் எழுந்தது. 1919இல் கோமெஸ் மொரேனோ இக்கோயில்கள் அனைத்தையும் மொசாரபியக் கோயில்கள் என்னும் தலைப்பிலே தொகுத்து ஆராய்ந்தார். கமோன் அஸ்னார் முதலியோர் பின்வந்து, இவை வடநாட்டு மீள்குடியேற்றக் காலத்துக் கலை என்றே பெயர் பெறத் தக்கவை என்று வாதிட்டனர். எஸ்கலாதாவின் பலகைகளிற் சில விசிகோதியக் கட்டடங்களினின்று எடுத்து மீளப் பயன்படுத்தப்பட்டவை என்போரும் உளர். ஒரு சுருளையோ வளைவையோ கண்டு இன்ன சமயத்தான் செய்தது என்று கூறத் துணிந்தவர் அங்கேயும் இடறினர். அனுராதபுரத்தில் ஹோகாட் இடறியதும் அவ்வழியே.

ஆயினும் வேற்றுமையையும் விடாது கூறல் வேண்டும். ஸ்பெயின் நாட்டுச் சிற்பி கையாண்டது பெரும்பாலும் சுண்ணக்கல்லும் சலவைக்கல்லும். அவன் உளியைச் சாய்த்துப் பிடித்து ஆப்பு வடிவமாக வெட்டினான். அதனால் ஒவ்வோர் இலையும் ஒளிப்பாதி, நிழற்பாதி எனக் கூர்மையாய்ப் பிரிந்து, கொடி முழுவதும் மரத்திற் செதுக்கியதுபோலத் தோன்றும். கருங்கல்லோ அவ்வாறு சாய்ந்த உளிக்கு இணங்காது. கூருளியால் பொட்டுப் பொட்டாகக் கொத்திப் பின் தேய்த்து மெருகேற்ற வேண்டும். அதனாலேயே பரங்கிமலையிலும் அனுராதபுரத்திலும் இலைகள் கூர்மையின்றித் திரண்டு, ததும்பி நிற்கின்றன. பாரசீகச் சாந்துச் சிலுவையைப் பார்த்துக் கருங்கல்லிற் படியெடுத்தபோது இவ்வுருட்சி வந்தது. கல்லின் இயல்பும் அணிவேலையின் ஆசிரியர்களுள் ஒருவர் என்பதை மறத்தலாகாது. பிறிதொன்று: மொசாரபியர் சிற்பத்தைக் கோயில் முழுவதும் பரப்பினர். தென்னாட்டிலோ நமக்கு எஞ்சியது ஒற்றைக் கற்பலகையே. அதைச் சூழ்ந்து நின்ற கட்டடம் மரத்தாலும் ஓலையாலும் ஆகியிருந்தால் அழிந்தமை வியப்பன்று.

கிறித்தவச் சிற்பம் எல்லாம் இவ்வாறு நாட்டு மரபோடு கலந்து நின்றது என்று எண்ணிவிடவும் கூடாது. சப்பிரகமுவையில் அதற்கு மறுதலையான சான்று உண்டு. இரத்தினபுரிக்கு அணித்தான மகா சமன் தேவாலயத்தை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் போர்த்துக்கேயர் இடித்து அவ்விடத்திற் கோட்டையும் கோயிலும் அமைத்தனர். அவர் ஆட்சி நீங்கியபின் தேவாலயம் மீண்டும் எழுந்தது. ஆனால் அவர் விட்டுச்சென்ற கல் ஒன்று அங்கே இருக்கின்றது. கவசம் பூண்டு வாளோங்கிய போர்த்துக்கேய வீரன் ஒருவன், வீழ்ந்து கிடக்கும் சிங்கள வீரன்மேல் நிற்கின்றான். அதிலே தாமரையும் இல்லை, மகரமும் இல்லை. நாட்டுச் சிற்ப மரபிலிருந்து கடன் பெற்றது யாதும் இல்லை. அனுராதபுரக் கல்லும் இதுவும் ஒரே சமயத்தாரின் கற்களே. ஒன்று குதிரை விற்கவந்து குடிகளோடு குடியாய் இருந்தோர் நாட்டியது. மற்றையது நாட்டைப் பிடித்தோர் நாட்டியது. சமயத்தின் பெயரைவிடச் சமயத்தார் நின்ற நிலையே சட்டகத்தைத் தீர்மானித்தது என்பதற்கு இவ்விரு கற்களினும் தெளிந்த சான்று இத்தீவிலே வேறில்லை.

கித்துல்கலையிலிருந்து களனி கங்கை வழியே கீழிறங்கிச் சீதாவாக்கையை அடைந்தால் மூன்றாவதொரு நிலையையும் காணலாம். அங்கே ஆற்றங்கரையிற் பெரெண்டி கோவில் எனப்படும் கற்றளி நிறைவுறாத நிலையிற் சிதைந்து கிடக்கின்றது. 1581 முதல் 1593 வரை ஆண்ட முதலாம் இராசசிங்கனோடு அதனைத் தொடர்புபடுத்துவர். அவன் சிவசமயஞ் சார்ந்தான் என்று மகாவமிசத்தின் பிற்பகுதி கூறும். கேகாலை மாவட்டத் தொல்பொருள் அறிக்கையில் பெல் என்பார் இத்தளியை விரித்து வருணித்துள்ளார். அதிட்டான வரிகளும் அரைத்தூண்களும் திராவிட முறையில் அமைந்தவை. சிங்கள அரசன் தலைநகரிலே தமிழ் நாட்டுச் சிற்பநூல் நெறி. தமிழ் நாட்டிலே பாரசீகச் சிலுவைக்குப் பல்லவ மகரம். வட ஸ்பெயினிலே துறவியர் கோயிலுக்குக் கொர்தோவாவின் கற்கைகள். சிற்பி எங்கும் தனக்குக் கைவந்ததையே செய்தான். செய்வித்தோன் அதனைத் தனதாக ஏற்றுக்கொண்டான்.

இன்று பரங்கிமலைக் கல் அம்மலைக் கோயிலின் பலிபீடத்திலே பதிக்கப்பட்டு வழிபடப் பெறுகின்றது. கோட்டயத்துக் கற்கள் வலியபள்ளியின் பக்கப் பீடங்களில் உள்ளன. அனுராதபுரக் கல் மட்டும் வழிபாடின்றி அந்நகரத்து அரும்பொருட்சாலையில் இருக்கின்றது. அதன் அருகே செல்லும் மாணவர் ஒருபுறமாய் விழும் ஒளியில் அதனை நோக்குவாராயின், இலைக்கொத்தின் வளைவிலே உளி கொத்திய தடத்தையும் மெருகேற்றிய தடத்தையும் வேறு வேறாகக் காணுதல் கூடும்.